அறுநூற்றுப் பத்தாம் அடி

ஜனவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு மூவரும் நலம். உன் இருமல் விட்டதா? அண்ணி உன்னை ரொம்பவும் விசாரித்தாள். "அத்தை என்னை மறந்துட்டாங்களான்னு கேளுங்கப்பா" என்று வாண்டு என் முழங்கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறாள். எழுத்து கோணினால் அவளைத் திட்டு, என்னை அல்ல.

ஊரில் கிணறு என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. லாரித் தண்ணீர்தான். ஊர் ஊராகப் போய்ப் போர் போட்டுக் கொடுத்தவன் நான். சொந்த ஊரில் மூன்று போட்டேன், மூன்றும் உப்பு. நான்காவதுதான் கடைசி. துளை போடுகிற அரசாங்க ரிக் ஏப்ரல் முடியும்வரை இங்கே நிற்கும். அதற்குள் நல்ல தண்ணீர் வராவிட்டால் லாரியையும் நிறுத்திவிட்டு, எல்லோரையும் முகாமுக்கு ஏற்றிப்போய், ஊரை மூடிவிடுவார்களாம். வந்திருந்த அரசாங்க அதிகாரி கடையை மூடுகிற மாதிரி சொன்னார்.

ரிக்கோடு வந்த இன்ஜினியர் ஒரு பழைய அறிக்கையை விரித்துக் காட்டினார். கீழே ஏழெட்டு மணல் அடுக்கு இருக்கிறதாம். ஒன்றே ஒன்றில்தான் குடிக்கிற தண்ணீர். மேலே கவச மீன் கல்லாகிக் கிடக்கும் பாறை, கீழே செதில் மீன் கிடக்கும் பாறை, இரண்டுக்கும் நடுவில் அந்த மணல். என் கண்ணுக்கு எல்லா மணலும் ஒரே மணல். அதோடு, களிமண் குழம்பை உள்ளே விட்டுக்கொண்டே துளைப்பதால், தண்ணீரைத் தாண்டிப் போனாலும் எங்களுக்குத் தெரியாது. "அந்த மீனைப் பார்த்துச் சொல்ற ஆள் எங்க கிடைப்பாங்களோ" என்று அவர் தலையில் கை வைத்தார். "என் தங்கச்சிக்கு அதுதான் சார் வேலையே! மியூசியத்துல இருக்கா" என்றேன். மனுஷன் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை.

அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வாயில்லாத மீன்கிட்ட வழி கேட்டா கிணறு வெட்டப் போறீங்க?" என்கிறாள்.

துளையிலிருந்து வரும் பாறைத்தூளைப் பத்தடிக்கு ஒரு பையாகக் கட்டி, முதல் சில பைகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மற்றவற்றை மியூசியத்துக்கு அனுப்பவா, வீட்டுக்கா?

இப்படிக்கு,
உன் அண்ணன்

ஜனவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமே விழைகிறேன். இருமல் போய்விட்டது. அத்தை யாரையும் மறக்கவில்லை என்று வாண்டுவிடம் சொல். அண்ணியிடம் இதையும் சொல்: அந்த மீனுக்கு வாய் உண்டு, தாடைதான் கிடையாது. கடிக்க முடியாத பாவப்பட்ட ஜீவன்; அதனால்தான் உடம்பெல்லாம் கவசம் மாட்டிக்கொண்டு திரிந்தது.

பைகளை வீட்டு முகவரிக்கே அனுப்பு. அருங்காட்சியகத்தில் பார்சல் அறைக்குள் போனது வெளியே வர ஒரு யுகம் ஆகும். எங்கள் பிரிவுத் தலைவர், பெரியவர், உன் முதல் பைகளைப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் என்னமா கட்டியிருக்கார், அவிழ்க்கவே மனசு வரல" என்றார்.

இதுவரை வந்தவற்றில் எல்லாம் கவசத் துண்டுகள்தான். நகத்தளவுகூட இராது, ஆனால் மேலே வரிவரியாக, கட்டைவிரல் ரேகை மாதிரியே இருக்கும். அதை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறோம். செதில் மீனுக்குக் கவசம் கிடையாது. உடம்பு முழுக்கப் பொடிச் செதில், ஒவ்வொன்றும் சர்க்கரைப் பரலைவிடச் சின்னது. மேலே இலை மாதிரி ஒரு முகம், அடியில் ஊசி குத்தியது போல் ஒரு துளை. உன் தூளில் இந்தச் செதில் எப்போது தலைகாட்டுகிறதோ, அப்போதே நிறுத்திவிட வேண்டும். நமக்கு வேண்டிய மணல் அதற்கு நேர் மேலே இருக்கும். செதில் பாறையையும் உடைத்துக்கொண்டு கீழே போனால் மறுபடி உப்பு, அண்ணா. அந்த உப்பு மேலேறி நல்லதையும் கெடுக்கும்.

நான் எப்படிப் பார்க்கிறேன் என்றும் எழுதிவிடுகிறேன், உன் இன்ஜினியர் கேட்டால் சொல்லலாம். அடையாளத்துக்கு வைத்துக்கொள்ள, செதில் மீன் பாறை ஒன்றைப் பொடித்து என் சல்லடையில் அலசியிருக்கிறேன். அதில் ஏதாவது சல்லடைக் கண்ணில் சிக்கி நின்று உன் தூளோடு கலந்தால் குழப்பம். அதனால் ஒவ்வொரு தடவையும் சல்லடையை நீலச் சாயத்தில் முக்கி எடுப்போம். சிக்கியிருப்பது நீலமாகிவிடும். பிறகு பார்க்கும்போது நீலமாக இருந்தால் அது பழையது, கழித்துவிடலாம். எல்லா ஊரிலும் எங்கள் ஆட்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

துளைத்துக்கொண்டே போ. நான் இருக்கிறேன்.

அன்புடன்,
தங்கை

பிப்ரவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்கிறாள். வாண்டு தூங்கிவிட்டாள்.

நானூற்று எண்பது அடி போயிருக்கிறோம். பைகள் அனுப்பியிருக்கிறேன். உன் கடிதத்தை லாரி வரிசையில் நின்று சத்தமாகப் படித்தேன். "துளைத்துக்கொண்டே போ" என்ற இடத்தில் ஜனங்கள் கை தட்டினார்கள், போ! இப்போது ஊரில் உன் பெயரே 'மியூசியம்' ஆகிவிட்டது. காலையில் பல் தேய்க்கிறார்களோ இல்லையோ, "மியூசியம் என்ன சொல்லுது?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

ஆனாலும் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். டாக்டர் போய்விட்டார். தையற்காரர் மெஷினைத் துணியில் சுற்றிக் கட்டி வைத்துவிட்டு, என்னிடம் வந்து, "நீ சொன்னா அவிழ்த்துடறேன்" என்கிறார். "பொறுங்க, என் தங்கச்சி பார்த்துக்கிட்டிருக்கா" என்றேன். அவிழ்த்துவிட்டார். ஆனால் எனக்குத் தூக்கம் போயிற்று. அவர் வீட்டில் நாலு உயிர் அந்த ஒரு வார்த்தையை நம்பி உட்கார்ந்திருக்கிறது.

டிரங்க் கால் போட்டுப் பார்க்கலாம் என்று தபால் நிலையத்துக்குப் போனேன். லைன் செத்துக் கிடக்கிறது. கடிதமே கதி.

உன் அண்ணன்

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணி நலமாக இருக்கிறார்களா? நான் கேட்டதாகச் சொல். வாண்டுவுக்கு முன்பல் விழுந்த இடத்தில் புதுப்பல் எட்டிப் பார்க்கிறதா?

பதிலுக்குத் தாமதமானது. இங்கே வேலை கொஞ்சம் நெருக்கடி, இடமும் நெருக்கடி.

நானூற்று எண்பது வரை எல்லாம் கவச மீன்தான். ஒரு துண்டில் கண் இருந்த இடத்தின் வளைவுகூடத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் வெகுநேரம் வைத்த கண் வாங்காமல் உட்கார்ந்திருந்தேன். எத்தனை யுகத்துக்கு முன்னால் செத்த மீன், உனக்குத் தண்ணீர் எங்கே என்று சொல்ல வந்திருக்கிறது! அதைச் சரியாகக் கேட்டுச் சொல்ல வேண்டுமே என்பதுதான் என் கவலை.

ஜனங்களிடம் என் கடிதத்தைச் சத்தமாகப் படிக்காதே, அண்ணா. தயவுசெய்து.

அன்புடன்,
தங்கை

மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அண்ணி நலம். வாண்டுவுக்குப் பல் நன்றாக முளைத்துவிட்டது. அவள் பல் விழுந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அண்ணி எப்போதாவது எழுதியிருப்பாள்.

அறுநூற்று இருபது அடி. நடுவில் துளைக்கிற முனை உடைந்து உள்ளே விழுந்து, அதைத் தூண்டில் போட்டு எடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அந்த நாளெல்லாம் வீண்.

படிக்காதே என்றாய். நான் படிக்கவில்லை. அதற்குள், "என்ன, மியூசியம் கையை விரிச்சிடுச்சா?" என்று ஒருவன் கேட்டான். பழைய நாளாக இருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன். இப்போது அவன் கையில் காலிக் குடம், அவன் சம்சாரத்தின் இடுப்பில் குழந்தை. எப்படிக் கை ஓங்கும்? லாரியையும் குறைத்துவிட்டார்கள். ராத்திரி என் வீட்டுத் தொட்டியில் யாரோ கை விட்டுத் துழாவுகிற சத்தம் கேட்டது. யாரென்று பார்க்க நான் எழுந்து போகவில்லை.

இந்தப் பைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார். உன் மியூசியத்தில் இருக்கிற பெரிய பெரிய கண்ணாடியெல்லாம் போட்டுப் பார். பெரியவரையும் பார்க்கச் சொல். எங்களுக்கு இன்னொரு தடவை கிடையாது.

உன் அண்ணன்

மார்ச் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடுகிறாயா?

அறுநூற்று இருபது வரை பார்த்துவிட்டேன். கவசத் துண்டுகள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. அறுநூற்றுப் பத்தாம் அடிப் பையிலிருந்து சில செதில்கள் கண்ணில் பட்டன. ஆனால் எல்லாம் நீலம். என் சல்லடையில் சிக்கிய பழசு. கழித்துவிட்டேன்.

அதனால் நீ இன்னும் மேல் பாறையில்தான் இருக்கிறாய். நிறுத்தாதே. கீழே போ.

அன்புடன்,
தங்கை

ஏப்ரல் 8

தங்கைக்கு,

எழுநூறு அடி. ஒரு மணல் அடுக்கு வந்தது; நாள் இல்லாததால் உன் பதிலுக்குக் காத்திராமல் குழாய் இறக்கி, கழுவி, கம்ப்ரெசர் வைத்து ஊதிப் பார்த்தோம். ஊரே வந்து நின்றது. கிழவர் ஒருவரை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். முதலில் குழம்பு வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. தையற்காரர்தான் முதலில் கையில் ஏந்தினார். வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். துப்பக்கூட இல்லை, மரியாதைக்காக விழுங்கினார்.

உப்பு. வெதுவெதுப்பான உப்பு.

யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். குடத்தை எடுத்துக்கொண்டு கலைந்து போனார்கள். ஒரு பெண்பிள்ளை மட்டும் என் அருகில் வந்து, "உங்க தங்கச்சி நல்லாத்தான் படிச்சாங்களா?" என்று கேட்டாள். கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

கடைசி அடிகளின் தூளை ஒரு லாரிக்காரர் மூலம் நேராக மியூசியத்துக்கே அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து, நீ சாயங்காலம் திரும்பி, மறுநாள் கொண்டுபோய்ப் பார்க்கிறவரை இங்கே பொறுக்காது. கையில் கிடைத்ததும் பார். எங்கே தப்பு நடந்தது என்று சொல். மாதக் கடைசியில் ரிக்கும் போகும், ஜனங்களும் போவார்கள்.

அண்ணி விசாரித்தாள்.

அண்ணன்

ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். மறுபடி பார்த்ததில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. துளையின் அடிப்பகுதியைச் சிமெண்ட் இட்டு அடைத்துவிட்டு, அறுநூற்றுப் பத்தாம் அடிக்குச் சற்று மேலே, தண்ணீர் நுழையும்படி குழாயில் கீறல் விட்டு, அங்குள்ள மணலைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. தாமதிக்க வேண்டாம். அருங்காட்சியகத்தின் கருத்தும் இதுவே.

அண்ணிக்கும் வாண்டுவுக்கும் என் அன்பு.

தங்கை

ஏப்ரல் 19

உன் அருங்காட்சியகத்தின் கருத்தா?

பைகள் திரும்பி வந்துவிட்டன. லாரிக்காரர் மியூசியத்து வாசலில் அரை நாள் நின்றிருக்கிறார். "இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையே, அந்தப் பிரிவே இல்லையே" என்றார்களாம். பார்சலின் மேலேயே சிவப்பு மையில் கிறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்படியானால் இத்தனை மாதம் யார் பார்த்தது? எதில் பார்த்தது? பெரியவர் என் கட்டைப் பாராட்டினார் என்று எழுதினாயே, அதுகூடவா காது குத்தல்? நான் ஊரை நிறுத்தி வைத்தேனே! மூட்டை கட்டியவனைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேனே, உன்னை நம்பி!

'சிறு திருத்தம்' என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? இன்ஜினியரிடம் காட்டினேன். "எழுநூறு போன்னு சொன்னதும் இவங்கதான், அறுநூறுக்கு வான்னு சொல்றதும் இவங்கதான். இருக்கிறது ஒரு தடவை அடைக்கிற சிமெண்ட். காரணம் சொல்லச் சொல்லுங்க" என்றார். அவர் கேட்பது நியாயம். உன் கடிதத்தில் காரணம் என்று ஒரு வரி இல்லை. பூசி மெழுகியிருக்கிறாய்.

இருபத்தொன்பதாம் தேதி காலையில் லாரிகள் வந்து ஆட்களை ஏற்றிப்போகின்றன. காரணம் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் எழுதவே எழுதாதே.

ஏப்ரல் 23

அண்ணா,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். நலமா?

முதலில் காரணம். கீழே உள்ளதை அப்படியே இன்ஜினியரிடம் காட்டு.

உப்பு என்று நீ எழுதியதும், மிச்சம் வைத்திருந்த அறுநூற்றுப் பத்தாம் அடித் தூளை மறுபடி எடுத்தேன். பழைய சல்லடை கிழிந்துவிட்டதால் புதிதாக ஒன்று வாங்கியிருந்தேன். சாயமே படாத, எந்தத் தூளும் படாத சல்லடை. அதில் அலசினேன். செதில்கள் வந்தன. நீலமாகவே வந்தன. ஒன்றை இரண்டு கண்ணாடிச் சில்லுக்கு நடுவே வைத்து நசுக்கினேன். உள்ளேயும் நீலம். சாயம் உள்ளே போகாது, அண்ணா. அது அதன் சொந்த நிறம்.

நான் வாழ்நாளெல்லாம் பார்த்தது மலைச்சரிவில் வெயிலும் மழையும் பட்டுத் தேன் நிறமாகிப்போன செதில்களைத்தான். ஆழத்தில் அடைபட்டுக் கிடந்தது மேலே வந்து காற்றுப் பட்டால் நீலமாக மாறலாம் என்று படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. நீலம் என்றால் பழசு என்று பழகிய கை எடுத்துப் போட்டுவிட்டது. கவசத் துண்டுகளும் கூடவே இருந்ததால் சந்தேகமே வரவில்லை. அவை மேலே துளையின் சுவரிலிருந்து உதிர்ந்து விழுந்தவை. விளிம்பு தேய்ந்திருந்ததைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். செதில்தான் அந்த இடத்துக்கு உரியது. நீ தண்ணீரைத் தாண்டிவிட்டாய். தாண்ட வைத்தவள் நான். மணல் அறுநூறுக்கும் அறுநூற்றுப் பத்துக்கும் நடுவில் இருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி என் கதை. எங்கள் பிரிவைப் போன வருஷமே மூடிவிட்டார்கள். பெரியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அந்த அறையில் இப்போது உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன. நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். உன் பைகளை அடுப்பு மேடையில் வைத்து, பள்ளிக்கூடத்தில் கழித்துக்கட்டிய நுண்ணோக்கியில் பார்த்தேன். நல்ல கருவியாக இருந்திருந்தால் சாயம் எது, சொந்த நிறம் எது என்று முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீ 'என் தங்கச்சிக்கு அதுதான் வேலையே' என்று எழுதியிருந்தாய். வேலை போனதற்குப் பிறகு என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. அந்த ஆசையில் மென்று விழுங்கிவிட்டேன். செதில் விஷயம் தெரிந்த பிறகும் காரணத்தை எழுதினால் இதெல்லாம் வெளியே வரும் என்று பயந்துதான் அந்த மழுப்பல் கடிதத்தைப் போட்டேன். தப்பு செய்தேன். அதைவிடப் பெரிய தப்பு அந்தக் கடிதம்.

இன்னொன்று. அண்ணியும் வாண்டுவும் பிப்ரவரியிலிருந்து என்னோடுதான் இருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் குடித்துக் குழந்தை வாந்தி எடுத்ததையும், உன்னோடு சண்டை போட்டுக் கிளம்பியதையும், அண்ணி போனது தெரிந்தால் ஊரே மூட்டை கட்டும் என்று நீ ஊரில் 'அம்மா வீட்டுக்குப் போயிருக்கா, வந்துடுவா' என்று சொல்லிக்கொள்ளப் போவதாகக் கிளம்பும்போதே சொன்னதையும் அண்ணி என்னிடம் சொன்னார். அவர் வந்து நின்ற சமயம் நான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி உன் தூளை அலசிக்கொண்டிருந்தேன். "அங்க ஒரு சொம்புக்கு அடிச்சுக்கறாங்க, நீ கல்லைக் குளிப்பாட்டுறியா?" என்று கேட்டு, குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதார். பிறகு, "நான் இங்க இருக்கறதை அவர்கிட்ட சொல்லாதே, உன் வேலை போனதை நானும் சொல்லல" என்றார். இப்படித்தான் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்.

'அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கிறாள்' என்ற உன் கடிதத்தை அவரே பிரித்துப் படித்தார். "பாவி மனுஷன்" என்று சொல்லி மடித்து வைத்தார். வாண்டுவுக்குப் பல் இன்னும் முளைக்கவில்லை, அண்ணா. கண்ணெதிரில்தான் ஓட்டைப் பல்லோடு உட்கார்ந்திருக்கிறாள்.

என்னை நம்பாதே. அந்தச் செதிலை நம்பு. சிமெண்ட்டைப் போடு. நசுக்காத நாலு செதிலைச் சில்லில் ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன், இன்ஜினியர் தன் லென்ஸிலேயே பார்க்கட்டும்.

தங்கை

மே 2

தங்கைக்கு,

உன் கடிதம் இருபத்தேழாம் தேதி வந்தது. இன்ஜினியர் வெயிலில் நின்று அந்தச் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிறுக்குப் பிடிச்ச குடும்பம்யா உங்களோடது" என்றார். பிறகு, "சிமெண்ட்டைக் கலக்கச் சொல்லுங்க" என்றார். அன்றைக்கே போட்டோம்.

சிமெண்ட் இறுகாமல் குழாயைக் கீற முடியாது. ஜனங்களிடம் போய் இன்னும் ஒரே நாள் பொறுங்கள் என்று கும்பிட்டேன். யாரும் சண்டை போடவில்லை. "நீயும் எங்களோட வந்துடுப்பா" என்றார் தையற்காரர். இருபத்தொன்பதாம் தேதி காலையில் அவர் மெஷினை நானே லாரியில் ஏற்றிக் கொடுத்தேன். எல்லா வீட்டுக் கதவையும் பூட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே திருடிப்போக ஒன்றும் இல்லை, ஆனாலும் பூட்டினார்கள்.

மறுநாள் கீறினோம். கம்ப்ரெசரைப் போட்டதும் குழம்பு வந்தது, சாம்பலாக வந்தது, அப்புறம் தெளிந்துவிட்டது. எனக்குக் கையில் ஏந்தப் பயம். இன்ஜினியர்தான் ஏந்திக் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார், நிமிரவே இல்லை. நான் குடித்தேன். நல்ல தண்ணீர், தங்கச்சி. மழைத்தண்ணீர் மாதிரி. ரிக் ஆட்கள் சட்டையோடு அதன் அடியில் நின்று கத்தினார்கள். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, தெரு முழுக்க ஓடி, பூட்டின வீடுகளின் வாசற்படியைத் தொட்டுக்கொண்டு போயிற்று. ஒரு குடம் வைக்க ஆள் இல்லை. நான் தெருவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

உன் பதின்மூன்றாம் தேதிக் கடிதத்திலேயே காரணத்தை எழுதியிருந்தால் ஊர் இங்கே நின்றிருக்கும். இதை எழுதாமல் விட்டால் நானும் மழுப்புகிறவன் ஆகிவிடுவேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அப்புறம் வரலாம். நானும் யோக்கியன் இல்லை. என் வீடு காலியானதை மறைத்துக்கொண்டு மற்றவர்களை உட்கார வைத்தவன்தானே. நான் சொன்ன பொய்யைக் கேட்டு ஒருவனாவது ஒரு நாள் கூடுதலாக உப்புத் தண்ணீர் குடித்திருப்பான்.

ரிக் நேற்றுப் போய்விட்டது. துளைக்கு மூடி போட்டிருக்கிறேன். கம்ப்ரெசர் இல்லாவிட்டாலும் தண்ணீர் மட்டம் மேலேதான் நிற்கிறது. ஒல்லிக் குழாய் ஒன்றின் அடியை அடைத்து, கயிறு கட்டி இறக்கி மொண்டுகொள்கிறேன். எனக்கு அது தாராளம். முகாமுக்குக் கடிதம் எழுதினேன், அதிகாரிக்கும் எழுதினேன். நாலு தடவை உப்பு குடித்தவர்கள் ஐந்தாவது தடவை என் பேச்சை எதற்கு நம்ப வேண்டும்? தெரியவில்லை.

ஒரு பாட்டிலில் தண்ணீர் அடைத்து இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். அதை உன் அண்ணியிடம் கொடு. நான் எதுவும் சொன்னதாகச் சொல்லாதே. சும்மா குடித்துப் பார்க்கட்டும். பிடித்தால் குழந்தைக்கும் ஒரு வாய் கொடுக்கட்டும்.

முகாமுக்கு வா என்று அதிகாரி ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. யாராவது ஒருவர் பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று என்றைக்காவது வரக்கூடும். வந்தால், தண்ணீர் இருக்கிறது என்று சொல்ல இங்கே ஒரு ஆள் வேண்டும்.

உன் அண்ணன்